வலி பத்துக்கு எத்தனைங்க?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள். ஊக்கம் தருவதாக இருக்க வேண்டுமாம். ஊக்கம் வேண்டுமென்றால் ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டுவிட்டு டூட்டிக்கு வாருங்கள். நான் பீளமேட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே காலத்தைத் தள்ளி, அந்தப் பிரிவின் இன்சார்ஜ் சிஸ்டராகப் போன வருஷம் ஓய்வு பெற்றவள். ஊசி போடுவதையும் டிரிப் ஏற்றுவதையும் கல்லூரியில் கற்றுக்கொண்டு வந்திருப்பீர்கள். இந்த ஊர்க்காரர்கள் பேசுவதை எப்படிக் காதில் வாங்குவது என்று எந்தக் கல்லூரியிலும் பாடம் கிடையாது. அது தெரியாமல் ஓர் உயிர் போகப் பார்த்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

கோயமுத்தூர்க்காரர்களைப் போல மரியாதை தெரிந்தவர்கள் உலகத்திலேயே இல்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். நாமும் வேண்டாமென்று சொல்லாமல் வாங்கி வைத்துக்கொள்வோம். 'வாங்க', 'போங்க', 'ஏனுங்க', 'ஆமாங்க'. திட்டும்போதுகூட 'ஏனுங்க, உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?' என்று கேட்கிற ஜனம் நாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சர்க்கரை தூவிய மாத்திரையும் மாத்திரைதான். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

சென்னையிலிருந்து புதிதாக வந்த சர்ஜன் ஒருவர், அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார். அந்த மனுஷர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாக்கலாங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க. ஊட்ல கலந்துபோட்டுச் சொல்றனுங்க" என்றார். சர்ஜனுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலை லிஸ்டில் பெயரைச் சேர்த்துவிட்டார்.

"டாக்டர், அவர் வேண்டாம்னு சொல்லிட்டாரு" என்றேன்.

"எப்ப சொன்னார்? நானும் அங்கதானே இருந்தேன்?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மறுநாள் காலையில் கட்டில் காலி. போர்வையை அழகாக மடித்து வைத்து, அதன் மேல் டாக்டருக்கென்று ஒரு சீப்புப் பூவன்பழமும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஈரோட்டில் அவருடைய மச்சான் சொன்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம். முகத்துக்கு நேராக ஒருவரிடம் வேண்டாமென்று சொல்வது மரியாதைக் குறைவு. சொல்லாமல் ஓடிப்போவது மரியாதை. சர்ஜன் அந்தப் பழத்தைத் தின்றுகொண்டே ரொம்ப நேரம் யோசித்தார்.

இது சிரிக்கிற கதை. சிரிப்பு வராத கதைக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நிர்வாகத்துக்கு ஞானம் பிறந்தது. பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சிக் கம்பெனியை வரவழைத்தார்கள். இனிமேல் நோயாளி என்று சொல்லக்கூடாது, விருந்தினர் என்று சொல்ல வேண்டும் என்றார்கள். எங்கள் பிரிவில் விருந்தினர்கள் பாதிப்பேர் வாந்தி எடுத்துக்கொண்டுதான் வருவார்கள். கைகூப்பி, பல் தெரியச் சிரித்து, 'வணக்கம், உங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?' என்று கேட்கப் பழக்கினார்கள். முதல் நாளே ஒரு பெரியவர் பயந்துபோய், "நீங்க எதுக்குங்க ஒதவோணும்? நாங்க காசு குடுத்துப்போடறமுங்க" என்றார்.

கூடவே கையில் ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். அதில் வரிசையாக முகங்கள். சிரிக்கிற முகம் பூஜ்யம், அழுகிற முகம் பத்து. வலி பத்துக்கு எத்தனை என்று விருந்தினரையே கேட்டு அழுத்த வேண்டும். எண்ணைப் பொறுத்துக் கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை கட்டுவார்கள். சிவப்புக்கு முதல் கவனிப்பு, பச்சை காத்திருக்கலாம்.

வெளிநாட்டில் இது நன்றாக வேலை செய்யுமாம். செய்யட்டும். நம் ஊரில், காலில் கடப்பாரை விழுந்த ஆளிடம் "வலி பத்துக்கு எத்தனைங்க?" என்று கேட்டால், "நீங்களே பாத்து ஒண்ணு போட்டுக்கங்க" என்பார். விடாமல் கேட்டால், "ஒரு மூணுன்னு வெச்சுக்கங்களே" என்று இறங்கி வருவார். தன் வலி அடுத்தவருக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்ற நினைப்பு. அதே நேரத்தில் கார் வைத்திருக்கிறவர் கட்டைவிரலில் நகம் பெயர்ந்து வந்தால் "பத்துக்குப் பன்னெண்டு" என்பார். வலியை வாய்விட்டுச் சொல்லவும் ஒரு தகுதி வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் பிரிவில் முன்பு ஒரு டாக்டர் இருந்தார். திருநெல்வேலிக்காரர், வாயைத் திறந்தால் எரிந்து விழுவார். அவருக்கு இந்த ஊர் மரியாதையைக் கண்டாலே ஆகாது. ஒரு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த தோட்டக்காரர் ஒருவர், "சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க, அப்படியே காட்டிப்போட்டுப் போலாம்னு" என்று சொல்லிவிட்டு, எங்கள் எல்லாரையும் சாப்டாச்சுங்களா என்று விசாரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவருடைய மனைவி அலறிக்கொண்டு ஓடிவந்தார். "ஏனுங்க, டாக்டரு இப்ப பக்கத்துல தாண்டிப் போயும் எங்க ஊட்டுக்காரரு கும்பிடாம உக்காந்திருக்காருங்க! அவிங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க!" என்றார். நாங்கள் சிரித்தோம். டாக்டர் சிரிக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தார். மாரடைப்பு. ஆளைப் பிழைக்க வைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்:

"சிஸ்டர், எங்க ஊர்ல வயித்து வலின்னாலே தெரு கூடிரும். இங்க ஆளு சாவப்போற நேரத்துலயும் சாப்ட்டீங்களா டாக்டர்ங்கான். இவங்ககிட்ட வலியக் கேக்காதீங்க. மரியாத எந்த இடத்துல நின்னு போகுதுன்னு பாருங்க. அங்கதான் சீக்கு இருக்கும்."

எனக்கு டேப்லெட்டைவிட இது பெரிதாகப் பட்டது.

ஓர் உயிர் போகப் பார்த்தது என்றேனே, அன்றைக்குப் பெரிய முகூர்த்த நாள். அவிநாசி ரோட்டில் கல்யாண வேன் ஒன்று கவிழ்ந்து, மத்தியானத்தில் எங்கள் பிரிவில் கட்டில் நிறைந்துவிட்டது. ஈசிஜி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டில்தான் மிச்சம். டூட்டி டாக்டர் கடைசிக் கட்டிலில் ஒரு பையனுக்கு மூச்சுக் குழாய் வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கருமத்தம்பட்டிப் பக்கத்திலிருந்து கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் பஸ் ஏறி வந்திருந்தார்கள். மனைவி மாராத்தாள், விசைத்தறியில் வேலை பார்க்கிறவர். கணவர் ரங்கன், ஒரு நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர்.

வரவேற்பில் இருந்த பெண் சிரித்துக் கைகூப்பி எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். "வலி பத்துக்கு எத்தனைங்கம்மா?"

"நீங்களே பாத்து ஒண்ணு போட்டுக்கங்க கண்ணு" என்றார் மாராத்தாள்.

"அப்படிப் போடக்கூடாதும்மா. நீங்கதான் சொல்லணும்."

"அப்ப ரெண்டுன்னு வெச்சுக்கங்க."

ரங்கன் மட்டும் இழுத்தார். "காத்தால இருந்து இவளுக்கு முதுகு புடிச்சிருக்குதுங்க. வேர்த்து வேர்த்து ஊத்துதுங்க."

வேர்வைக்கு அந்த டேப்லெட்டில் கட்டம் இல்லை. பச்சைப் பட்டை கட்டி, உட்காரச் சொல்லிவிட்டாள். மாராத்தாள் உட்காரவில்லை, தூணில் சாய்ந்து நின்றார். அந்தப் பக்கம் போகும்போது நானும் "உக்காருங்கம்மா" என்றேன். "இருக்கட்டுங்க சிஸ்டர், நின்னாத்தான் சௌரியமா இருக்குதுங்க" என்றார். எதிரே நாற்காலி காலியாகக் கிடந்தது. அவர் முகம் வெளிறியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்து இவரைத்தான் அந்தக் கட்டிலுக்குக் கூப்பிட வேண்டுமென்று நினைத்தேன்.

அதற்குள் வாசலில் மூன்று கார்கள் வந்து நின்றன. வெள்ளைச் சட்டையும் மோதிரமுமாக ஒரு மில்காரர் இறங்கினார். கூட மகன், மருமகன், மேனேஜர், தண்ணீர் பாட்டில் பிடிக்க ஓர் ஆள்.

"ஏனுங்க சிஸ்டர், நல்லா இருக்கீங்களா? உங்களுக்குத்தான் சிரமம் குடுத்துப்போட்டம். கல்யாணத்துல சாப்டதுல இருந்து நெஞ்சு கொஞ்சம் கனமா இருக்குதுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க. நீங்க உங்க வேலையெல்லாம் முடிச்சுப்போட்டு மெதுவாப் பாருங்க" என்றார்.

சொல்லிக்கொண்டே அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார். 'மெதுவாப் பாருங்க' என்பதற்கு அர்த்தம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். நெஞ்சு கனம் என்று ஒருவர் சொன்னால் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். நான் ஒயரைப் பிரிக்க ஆரம்பித்தேன். அவர் படுத்தபடியே பேச்சுக் கொடுத்தார்.

"சிஸ்டருக்குச் சொந்த ஊரு எந்தப் பக்கமுங்க?"

"கருமத்தம்பட்டிப் பக்கமுங்க."

"அட, நம்ம பக்கம்! அங்க எந்த வளவுங்க?"

இந்தக் கேள்வியை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள், உங்களையும் கேட்டிருப்பார்கள். கேட்கிறவருக்குத் தெருப் பெயர் வேண்டியதில்லை, சாதி தெரிய வேண்டும். என் அம்மா அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் களையெடுத்தவர். நான் பள்ளிக்கூடத்து மதர் தயவில் நர்சிங் படித்தவள். சர்ச்சுக்குப் பின்னால் என்று சொன்னேன்.

"ஓகோ" என்றார். பிறகு, "சரி சரி, நீ பாரும்மா" என்றார்.

வெள்ளை உடுப்புக்குக் கிடைத்த மரியாதை, வளவின் பெயரைக் கேட்டதும் கட்டிலிலிருந்து இறங்கிப் போய்விட்டது. எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சுருக்கென்றுதான் இருக்கும்.

அவர் பார்வை அப்போது தூண் பக்கம் போனது. "ஏண்டா ரங்கா, நீ எங்கடா இங்க?"

ரங்கன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் அத்தனை வருஷம் வேலை பார்த்தது இவருடைய மில்லில்தான். "சம்சாரத்துக்கு முதுகு புடிச்சிருக்குதுங்க மொதலாளி. அது ஒண்ணுமில்லீங்க. மொதல்ல நீங்க பாத்துக்கங்க. நாங்க நிக்கறமுங்க" என்றார்.

மாராத்தாளும் தூணிலிருந்து விலகி, சேலையை இழுத்துப் போர்த்தி நேராக நின்றார். மார்புக்குள் உயிர் அறுந்துகொண்டிருக்கிறது, முதலாளியைக் கண்டதும் அந்த அம்மா நிமிர்ந்து நிற்கிறார். அதைப் பார்த்து, கவலைப்பட்ட அளவுக்கு இல்லை போலிருக்கிறது என்று நானும் ஒரு நிமிஷம் ஏமாந்தேன்.

மில்காரரின் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். மாராத்தாள் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலையும் முதலாளி படுத்திருந்த பக்கமாக நீட்டி உட்கார்ந்திருந்தார்.

ரங்கன் பதறிப்போய்க் குனிந்தார். "ஏ புள்ள, எந்திரி! மொதலாளி இருக்காங்க, காலை மடக்கு!"

அந்த அம்மா அவரைப் பார்க்கவும் இல்லை, காலை மடக்கவும் இல்லை. ரங்கன் கட்டில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "மன்னிச்சுப்போடுங்க மொதலாளி. அவ இப்படியெல்லாம் பண்ண மாட்டாளுங்க."

திருநெல்வேலி டாக்டர் காதுக்குள் வந்து கத்தியது போல இருந்தது. ஆயுளில் ஒரு தரம்கூட அந்த மனிதருக்கு முன்னால் உட்கார்ந்திருக்காத ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். பத்துக்கு எத்தனை என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"ஐயா, எந்திரிங்க" என்றேன்.

"என்னது?"

"கட்டில் வேணும். எந்திரிங்க."

அவரிடம் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். அந்தத் திகைப்பிலேயே எழுந்துவிட்டார். மாராத்தாளின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கும்படி ரங்கனிடம் சொன்னேன். அந்த மனுஷர் கட்டிலைப் பார்த்துத் தயங்குகிறார். "மொதலாளி படுத்த கட்டிலுங்களே..."

"தூக்குய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் வேன் விபத்துக்காரர்கள்கூட அழுவதை நிறுத்தினார்கள்.

ஒயரை ஒட்டி முடிக்கவும் திரையில் கோடு தாறுமாறாக ஓட ஆரம்பித்தது. இதயம் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே மார்பை அழுத்தினேன். ஷாக் கொடுத்தோம், இன்னொரு தரம் கொடுத்தோம். கோடு திரும்பி வந்தது. அடைப்பை நீக்க மேலே கொண்டு போனார்கள். ரங்கன் அந்தத் துண்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் கூடவே ஓடினார்.

மில்காரர் அந்தத் தூணோரமாக நின்றார். அவ்வளவு நேரம் நிற்க அவரை விடுவார்களா, மேனேஜர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு அவருக்கும் ஈசிஜி எடுத்தோம். ஒரு குறையும் இல்லை, கல்யாணச் சாப்பாட்டு வாயு. போகும்போது என்னைப் பார்த்து, "பரவாயில்லீங்க சிஸ்டர்" என்றார். 'ங்க' திரும்பி வந்துவிட்டதைக் கவனித்தீர்களா? நம் ஊரில் பெரிய மனிதர் 'பரவாயில்லீங்க' என்றால் விஷயம் முடியவில்லை, இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம்.

அவர் கார் மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் நிர்வாகியின் போன் அடித்திருக்க வேண்டும். சாயங்காலம் கூப்பிட்டு அனுப்பினார்.

"சிஸ்டர், நீங்க செஞ்சது ரொம்ப சரி. ஆனா சொன்ன விதம் இருக்குதே..."

"எப்படிச் சொல்லியிருக்கோணும் சார்?"

நிர்வாகி பயிற்சிக் கம்பெனி கொடுத்த அட்டையைப் பார்த்துப் படித்தார். "சிரமத்துக்கு மன்னிக்கவும், தங்களால் சற்று எழுந்துகொள்ள இயலுமா என்று தெரிந்துகொள்ளலாமா..."

"இதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தம்மா போயிருப்பாங்க சார்."

"சரி, அவருக்கே மாரடைப்பா இருந்து, நீங்க எழுப்பி விட்டு ஏதாவது ஆயிருந்தா?"

இது நியாயமான கேள்வி. நீங்களும் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. நான் எடுத்தது துணிச்சலான முடிவு, தப்பிப் போயிருக்கவும் கூடும். நிர்வாகியிடம் உள்ளதைச் சொன்னேன். "அவரு என் வளவ விசாரிச்சாரு சார். அத விசாரிக்கற அளவுக்கு ஒருத்தருக்குத் தெம்பு இருந்தா, அவரு கொஞ்ச நேரம் நிக்கலாம்."

விருந்தினரை அவமதித்ததாக எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். வீட்டில் எங்கேயோ கிடக்கிறது.

நாலைந்து நாள் கழித்து வார்டுக்குப் போய் மாராத்தாளைப் பார்த்தேன். படுக்கையில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "சிஸ்டர், சாப்டீங்களா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிழைத்துக்கொண்டார் என்பதற்கு அதைவிட நல்ல ரிப்போர்ட் எந்த மெஷினும் தராது. ரங்கன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஊர்க்கதை பேச ஆரம்பித்தோம்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு மில்காரர் வந்தார். கையில் ஒரு பை ஆப்பிள். கெட்ட மனிதர் இல்லை, பாருங்கள். பழைய வேலைக்காரன் சம்சாரத்தைப் பார்க்க வேலை மெனக்கெட்டு வந்திருக்கிறார்.

நான் பிடிப்பதற்குள் மாராத்தாள் எழுந்துவிட்டார். டிரிப் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கி, சேலையை இழுத்துப் போர்த்தி நின்றார்.

மில்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "பரவால்லியே! எந்திரிச்சு நிக்கற அளவுக்குத் தேறிட்டியே!" என்றார்.

நான் வருஷக்கணக்கில் கற்ற பாடம் அவருக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்திருக்கிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மில்லில் ரங்கன் எப்படி உழைத்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "படுங்கம்மா, நீங்க நிக்கக்கூடாது" என்று நான் கெஞ்சினேன். "இருக்கட்டுங்க சிஸ்டர்" என்றார் மாராத்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஐயா, அவங்க நிக்கக்கூடாது. நீங்க சொன்னாத்தான் உக்காருவாங்க" என்றேன்.

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நான் எங்கம்மா நிக்கச் சொன்னேன்?"

சொல்லவில்லைதான். யாருமே சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "சரி, வாரேன்" என்று அவர் கிளம்பினார். மாராத்தாள் நின்றபடியே கும்பிட்டார். வராந்தாவில் செருப்புச் சத்தம் தேய்ந்து, லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் படுக்கையில் சாய்ந்தார். டூட்டியில் இருந்த சின்னப் பெண் உள்ளே வந்து, 'நோயாளி தாமாகவே எழுந்து நிற்கிறார், நல்ல முன்னேற்றம்' என்று கேஸ் ஷீட்டில் எழுதினாள். நான் அதைத் திருத்தச் சொல்லவில்லை.